மகளுக்குக் கொடுத்த வீடு

1

போன வாரம் கொழும்பில் விசா ஆபீசுக்குப் போயிருந்தேன். எங்களைப் போன்றவர்கள் இங்கே தங்கியிருக்கும் அனுமதியை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நான் வந்த காலத்தில் கப்பலை விட்டு இறங்கியவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேள்வி கேட்பதற்கென்றே ஒரு கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். என் பழைய காகிதத்தில் சொந்த ராஜ்யம் திருவிதாங்கூர் என்றிருக்கிறது. அதற்கடுத்ததில் திருவிதாங்கூர்-கொச்சி. இந்தத் தடவை மதராஸ் ராஜ்யம் என்று எழுதச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, என்னைக் களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஐயா, நான் அசையவில்லை, என் ஊர்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று சொல்ல ஆசையாக இருந்தது. அதைச் சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களமும் இல்லை, இங்கிலீசும் இல்லை. கூட வந்திருந்த என் மகன் பீட்டர்தான் எனக்காகப் பேசினான்.

பீட்டருக்குச் சிங்களம் தடையில்லாமல் வரும். தமிழ்தான் அங்கங்கே தடுக்கும். "அப்பா, ஊரில உங்கட வீட்டு விலாசம் கேக்கிறார்" என்றான்.

"எனக்கு ஊருல வீடு இல்லைன்னு சொல்லு."

"ஏன் பொய் சொல்றீங்க? நாங்க பிறந்த வீடு இருக்குத்தானே?"

"அது ஒனக்க அக்காளுக்க வீடு மக்கா."

எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்குப் புரியாது. அக்காள் கலியாணம் கட்டிப் போனவள், அப்பா உயிரோடு இருக்கிறார், பிறகு எப்படி வீடு அவளுடையதாகும் என்று சிங்களத்தில் யோசிக்கிறான். ஆபீசர் காகிதத்தில் எதையோ எழுதினார். இந்தியாவில் வீடில்லாதவன் என்றுதான் எழுதியிருப்பார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. மாலையில் அதை என் மனைவி திரேசம்மாளிடம் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ள கதையை நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து வாசகர்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

2

நான் புறக்கோட்டையில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் சரக்குத் தரம் பிரிக்கிறவன். ஊர், கருங்கல் சந்தைக்குத் தெற்கே கடலோரம். ஊரில் இருந்தபோது மீன் பிடித்தேன், இங்கே வந்து காய்ந்த மீனை முகர்ந்து பார்க்கிறேன். கடல் என்னை விடவில்லை.

வயல்பக்கத்து ஆட்களுக்கு எங்கள் கடற்கரைத் துறையின் வழக்கம் தெரிந்திருக்காது. உங்கள் பக்கம் பெண் தாலி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். புது வீடு கட்டிக் கொடுப்பார்கள். முடியாதவர்கள் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, முற்றத்தின் ஓரத்தில் ஓலை கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளைதான் தன் வலையையும் துடுப்பையும் தூக்கிக்கொண்டு வருவான். அதனால் ஒரு தெருவில் பார்த்தால் அக்காள், தங்கச்சி, பெரியம்மை மகள், சின்னம்மை மகள் என்று பெண்கள் எல்லாம் ஒரே சொந்தமாக இருப்பார்கள். ஆண்கள்தான் அங்கங்கே இருந்து வந்தவர்கள். ஆண் கடலில் பிடிப்பான். பெண் அதைப் பனையோலைக் கடவத்தில் அள்ளித் தலையில் வைத்துக் கருங்கல் சந்தைக்கு ஓடுவாள். விற்பது, வாங்குவது, குடும்பம் நடத்துவது எல்லாம் அவள் பாடு.

என் மகள் லூர்தம்மாளுக்கு நாங்கள் இருந்த வீட்டையே கொடுத்தோம். மாப்பிள்ளை சவரிமுத்து, நாலு துறை தள்ளி மேற்கே உள்ளவன். நல்ல கடல்காரன். காற்று மாறுவதை எனக்கு முந்திச் சொல்வான். கலியாணம் முடிந்து திரேசம்மாளும் சின்னப் பையனான பீட்டரும் என்னோடு கொழும்புக்கு வந்துவிட்டார்கள். நிம்மதியாகத்தான் வந்தோம். சுற்றிலும் பெரியம்மை, சின்னம்மைமார் இருக்கிறார்கள், மகளுக்கு என்ன குறை என்று நினைத்தோம்.

3

நாடு சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஊரிலிருந்து கருவாட்டு வியாபாரமாக வந்த ஒருவர் கிட்டங்கியில் என்னைப் பார்த்தார். ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பப் போனவர், திரும்பி நின்றார்.

"ஒமக்க மோளுக்க வலது கை, முட்டுக்கு மேல ஒடிஞ்சு கெட்டு போட்டிருக்கு. விழுந்ததுன்னு சொல்லுகா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, கேட்டீரா?"

வேறு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து திரேசம்மாளிடம் சொன்னேன். எந்தக் கை, எந்த இடம் என்று கேட்டாள். வலது கை, முழங்கைக்கு மேலே என்றேன்.

"விழுகவ கையை ஊணுவா. மணிக்கட்டுல்லா ஒடியும். இது முறுக்குனது" என்றாள். அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் துணிமணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.

உடனே கிளம்ப முடியவில்லை. போவதற்கு ஒரு காகிதம், திரும்பி வருவதற்கு ஒரு காகிதம். போய்த் திரும்பி வர உத்தரவு கிடைக்காவிட்டால் இங்கே உள்ள பிழைப்பு போய்விடும். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அங்கே அவள் அடி வாங்குகிறாள் என்ற நினைப்பு என்னைத் தின்றது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் வரிசையில் முந்தப் பார்த்தேன். "கொச்சியா, பின்னுக்கு நில்" என்று ஒரு சேவகன் என்னைத் தள்ளினான். திருவிதாங்கூர்ப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இங்கே கொச்சியான் என்றுதான் பெயர். ஊரில் மலையாளத்தான் எங்களைப் பாண்டி என்பான். எங்கே போனாலும் அடுத்த ஊர்க்காரன் ஆகிவிடுவது எங்கள் தலையெழுத்து.

கடைசியில் உத்தரவு கிடைத்தது. பீட்டரைக் கிட்டங்கி முதலாளி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் ரயில், திருநெல்வேலியில் பஸ். ஆரல்வாய்மொழி சோதனைச் சவுக்கையில் பெட்டியைத் திறந்து கொட்டிக் காட்டச் சொன்னார்கள். பேத்திக்கு வாங்கிய ரப்பர் பொம்மையை ஒருவன் அழுத்தி அழுத்திப் பார்த்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைக் கடித்திருப்பேன். திரேசம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

4

வீட்டு முற்றத்தில் லூர்து ஒற்றைக் கையால் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வைத்திய ஆசான் கட்டிய மூங்கில் பத்தையோடு அந்தக் கை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. பேத்தி பிலோமி தாயின் பின்னால் நின்று எங்களை எட்டிப் பார்த்தாள். ஐந்து வயசு. என்னை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கடற்கரைப் பக்கமிருந்து ஆண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அதில் சவரிமுத்துவின் குரலும் இருந்தது. பிலோமி எழுந்தாள். அடுக்களைக்குள் போய் மீன்சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் வைத்தாள். திரும்பி வந்து சோற்றுப் பானையைத் தூக்கினாள். அப்புறம் தண்ணீர்க் குடம். சின்னப் பிள்ளை, குடத்தைத் தூக்க முடியாமல் இடுப்பை வளைத்து நடந்தாள்.

"என்னட்டி செய்யுகா இவ?" என்று திரேசம்மாள் கேட்டாள்.

"அப்பன் வந்தா ஒடச்சிருவான்னு கொண்டு வைக்கா. நான் சொல்லிக் குடுக்கல்ல. அவளே படிச்சது" என்றாள் லூர்து.

நான் வெளியே வந்து தென்னை மூட்டில் நின்று அழுதேன். சொந்த மகளின் ஒடிந்த கையைப் பார்த்தபோது வராத அழுகை, அந்தக் குடத்தைப் பார்த்தபோது வந்தது.

மாப்பிள்ளை வந்தான். "மாமா, மாமி, வாருங்க, எப்பம் வந்திய?" என்று நல்ல மரியாதையாகப் பேசினான். கருப்பட்டிக் காப்பி போடச் சொன்னான். அவன் குடித்திருக்கவில்லை. குடிதான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். அன்று மத்தியானம் அவன் தூங்கும்போது லூர்துதான் சொன்னாள்:

"குடிச்சா செவனேன்னு கெடந்து ஒறங்கிருவான் அப்பா. குடிக்காத நாளுதான் எனக்குப் பயம். சந்தையில இருந்து வர நேரமாச்சுன்னா எங்க போன, ஆரப் பாத்தன்னு கேப்பான். மீனு விக்காண்டாமா? வித்தாத்தானே வர முடியும்? என்ன சொன்னாலும் அடிதான்."

"பெரியம்மைமாருட்ட சொல்லப்பிடாதா?"

"சொல்லணுமா? வேலிக்கு இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கம் கேக்காதா? கதவ அடைச்சிருவாவ. கெட்டினவன் காரியம்னு."

பங்குச் சாமியாரிடம் போனேன். பொறுமையாக இருக்கச் சொல், மாதாவிடம் மன்றாடு என்றார். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் தலையை நிமிர்த்தாமலேயே குடும்பத் தகராறு என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கொல்லையில் கிடந்த துடுப்பை எடுத்தேன். அதைத் திரேசம்மாள் பார்த்துவிட்டாள்.

"வச்சிருங்க. நீங்க அவன அடிச்சா அவனுக்கு ஒரு ஞாயம் கிடைச்சிரும். பொறவு ஊரு முழுக்க ஒங்கள அடிகாரன்னு சொல்லும். லூர்து வாங்கினது மறந்துபோவும்."

அவள் சொன்னது சரிதான். துடுப்பை வைத்துவிட்டேன்.

5

மகளையும் பேத்தியையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தேன். யாரிடம் சொன்னாலும் அதுதான் நல்லது என்றார்கள். சாமியார்கூட, "கொஞ்ச நாள் கண்மறைவா இருக்கட்டு, அவனுக்கும் புத்தி வரும்" என்றார். லூர்து மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் கப்பல் காகிதங்கள் பார்க்கும் ஒருவரிடம் விசாரித்தேன். கலியாணம் ஆன பெண் தகப்பன் கணக்கில் வரமாட்டாள், கட்டினவன் கணக்கில்தான் வருவாள், அவன் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். அடித்தவனிடமே போய் அனுமதி கேட்க வேண்டும். வேறு வழி இல்லை. திரும்பி வந்து, முற்றத்தில் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்த சவரிமுத்துவிடம், தணிந்த குரலில் கேட்டேன். பக்கத்தில் திரேசம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அதுக்கென்ன மாமா, போட்டுத் தாரேன். போயிட்டு மெள்ள வரட்டு. வீட்ட நான் பாத்துக்கிடுகேன்."

முறத்தின் சத்தம் நின்றது.

"எந்த வீட்ட?" என்றாள் திரேசம்மாள்.

"இந்த வீட்டத்தான் மாமி."

"இது எனக்க அம்மை எனக்குத் தந்தது. நான் லூர்துக்குக் குடுத்தது. இதுல உள்ளவ கப்பலேறிப் போவா, வந்தவன் இதுல கெடந்து ஒறங்குவானா?"

அவன் வலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். எத்தனை பேரிடம் யோசனை கேட்டேன்! எல்லோருமே அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் பேசினோம். வயல்பக்கத்தில் அது நியாயமான பேச்சு. அங்கே புருஷன் வீட்டில் அடி தாங்காதவள் பிறந்த வீட்டுக்கு ஓடிவருவாள். எங்கள் லூர்து பிறந்த வீட்டில்தானே இருக்கிறாள்? வேறு ஊர்க்காரனின் வழக்கத்தை எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லூர்து வாசல்படியில் நின்றாள். "நான் எதுக்கு எறங்கணும்னு எனக்கும் தோணிச்சு அம்மா. ஆரும் கேக்கல்ல. நானும் சொல்லல்ல" என்றாள்.

"இப்பம் கேக்கேன். நீ சொல்லு மோளே. ஆரு எறங்கணும்?"

லூர்து பிலோமியைப் பார்த்தாள். பிறகு, "அவன்" என்றாள். சொன்னபிறகு அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. பயமும் இருந்தது, பயத்தை மீறிய ஒன்றும் இருந்தது.

அன்று சாயங்காலம் திரேசம்மாள் அக்காள் தங்கச்சிமார் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது, இன்னொரு வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

6

மறுநாள் காலையில் கட்டுமரங்கள் கரை அடைந்தன. சவரிமுத்துவின் கட்டுமரத்தில் நல்ல மீன்பாடு, அயிலையும் சாளையுமாகக் குவிந்திருந்தது. லூர்துக்குக் கை ஒடிந்த பிறகு அவன் பங்கு மீனைக் கருங்கல்லுக்குக் கொண்டு போனவள் செல்லம், திரேசம்மாளின் அக்காள் மகள். அன்று செல்லம் கடவத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எடு செல்லம், வெயிலு ஏறுகு" என்றான் அவன்.

"லூர்துக்க கை ஒடிஞ்சதுல எனக்க கையும் வலிக்கு அத்தான். நான் எடுக்கல்ல."

அடுத்தவளைக் கூப்பிட்டான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அதற்கடுத்தவளும் அப்படியே. கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் மற்ற மீன்களை அள்ளினார்கள், இவன் குவியலைத் தொடவில்லை. சைக்கிளில் வந்த வெளியூர் வியாபாரி ஒருவனைச் சவரிமுத்து கைகாட்டி அழைத்தான். அந்த ஆள் கிட்டே வந்தான், பெண்கள் நிற்கும் நிலையைப் பார்த்தான், சைக்கிளைத் திருப்பிக்கொண்டான். நாளைக்கும் அவனுக்கு மீன் வேண்டுமே! பிடித்த மீனை வைத்துக்கொண்டு ஆண் என்ன செய்வான்? எங்கள் கரையில் பெண் எடுக்காத மீன் குப்பைதான். காக்கைகள் இறங்கத் தொடங்கின.

அவனோடு ஒரே மரத்தில் போகும் வியாகப்பன் என்ற பெரியவர், துடுப்பைத் துடைத்துக்கொண்டே, "சவரி, நாளைக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிடுகேன். எனக்கு வீட்டுல சோறு வேணும் மக்கா" என்றார். அவர் மனைவியும் அந்தக் குவியலைத் தொடாதவர்களில் ஒருத்தி.

அவன் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தான். நான் குறுக்கே நிற்கலாம் என்று எழுந்தேன். அதற்கு வேலையில்லாமல் போயிற்று. தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவன் பின்னாலேயே வந்து முற்றம் நிறைய நின்றார்கள். அத்தனை நாளும் கதவை அடைத்துக்கொண்டவர்கள்தான். லூர்து அவனுடைய தகரப் பெட்டியையும் வலையையும் முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தாள். ஒற்றைக் கையால் இழுத்து வைத்திருந்தாள். உதவிக்கு யாரையும் விடவில்லை.

"ஒனக்க அம்மைக்க வீட்டுக்குப் போ. பிலோமிய பாக்கணும்னா ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வா. செல்லம் கூட்டிட்டு வருவா. இந்த வேலிக்குள்ள வராத" என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். ஆணுக்கு ஆண் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தான்போலும். நான் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் வைத்துவிட்டேன். இந்தக் காரியத்தில் நான் செய்த உதவி அது ஒன்றுதான்.

சாமியார் திரேசம்மாளை அழைத்துக் கண்டித்தார். கடவுள் சேர்த்து வைத்ததை மனிதர் பிரிக்கலாமா என்றார்.

"பிரிக்கல்ல சாமி. வெளியில வச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாளாம். அவர், பூசைக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாராம்.

7

காகிதத்தில் போட்டிருந்த நாள் முடியும்வரை நாங்கள் அங்கே இருந்தோம். சவரிமுத்து இரண்டு தடவை வந்து வேலிக்கு வெளியே நின்றான். ஒரு தடவை கெஞ்சினான், ஒரு தடவை ஏசினான். இரண்டு தடவையும் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அவன் திருந்தினானா என்று எனக்குத் தெரியாது. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான், திருந்தினால் நல்லது. திருந்தினாலும் உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்பது லூர்து முடிவு செய்ய வேண்டிய காரியம். அவள் கை கூடியது. முன்னைப்போல நீட்ட முடியாது, கடவத்தை இறக்கும்போது ஒரு கை வேண்டும் என்பாள். தெருவில் கைக்குப் பஞ்சமில்லை.

கொழும்புக்கு வந்து இதைப் பீட்டரிடம் சொன்னபோது, "அக்காவை ஏன் தனியா விட்டுட்டு வந்தீங்க?" என்று கோபப்பட்டான். தனியாக விடவில்லை என்பதை அவனுக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை. அவன் ஒரு தெருவில் ஒரே குடும்பமாக வளர்ந்தவனில்லை. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

எனக்கும் உள்ளுக்குள் பயம் விடவில்லை. அதனால் இரண்டு வருஷம் கழித்து, கையில் உத்தரவு கிடைத்ததும், முன்கூட்டிச் சொல்லாமல் நான் மட்டும் கிளம்பிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"ஆரு?"

"பாட்டாவாக்கும். கொழும்புப் பாட்டா."

ஜன்னலில் பிலோமியின் முகம் தெரிந்தது. வளர்ந்திருந்தாள். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"பாட்டாதான். அம்மை சந்தைக்குப் போயிருக்கா."

"அப்பம் கதவத் தெற மக்கா."

"அம்மை வரட்டு. அம்மை சொல்லாம ஆம்பிளையள உள்ள விடப்பிடாது."

"ஏட்டி, இந்த வீட்டுக்கு ஓலை கெட்டினதே நானாக்கும்!"

"கெட்டினது நீங்க. வீடு அம்மைக்கது" என்றாள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் சிந்தாமல் சரித்து என் கையில் தந்தாள். "அந்த நெழலுல இரியுங்க பாட்டா" என்றும் சொன்னாள்.

செல்லம் வேலிக்கு அப்பால் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளையிடம் தான் சொல்லிப் பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தண்ணீரைக் குடித்தேன். என்னையே உள்ளே விடாதவள் இனி வேறு எவனை விடப்போகிறாள் என்று நினைத்தபோது, பயணக் களைப்பெல்லாம் போய்விட்டது. லூர்து வரும்வரை அந்த நிழலில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.